இன்னும் சத்தமா சிரி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கதை கட்டிப் பிழைத்தவன்தான் நான், பதினொரு வருடம். அதை மறைக்கவில்லை. ஆனால் இது கட்டியதல்ல. 2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை, காலை 6.16. அந்த அழைப்பின் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளம் இரண்டு நிமிடம் நாற்பத்தோரு நொடி. இன்னொரு பிரதி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் எஃப்.எம். ஸ்டேஷன். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எங்கள் நிகழ்ச்சி. நடத்துபவர் ஆர்ஜே அபிஷேக். போஸ்டரில் அவர் முகம் பெரிதாக இருக்கும். அந்த முகத்தின் தோளுக்குப் பின்னால் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான். அவன்தான் நான். பெயர் பரந்தாமன். ரேடியோவில் 'பரா'.

அபிஷேக் ஜோக் சொல்வார், நான் சிரிப்பேன். ஜோக் மொக்கை என்றால் இன்னும் அதிகமாகச் சிரிப்பேன். அவர் கலாய்ப்பார், நான் வாங்கிக்கொள்வேன். சம்பளமே அதற்குத்தான். என் சிரிப்பு ஒரு தினுசு. மூச்சை உள்ளே இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் குக்கர் விசில் மாதிரி மேலே போகும். ஆவடி பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பையன்கள் என்னைப் பார்த்தால் அதே மாதிரி சிரித்துக் காட்டுவார்கள். அந்தச் சிரிப்பைப் பதிவு செய்து அபிஷேக் மேஜையில் ஒரு பட்டனில் போட்டு வைத்திருந்தார்கள். நான் லீவு போட்டாலும் என் சிரிப்பு வேலைக்கு வந்துவிடும். அப்போதெல்லாம் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொன்று. மைக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் எல்லாம் அபிஷேக் பக்கம். என் மைக்குக்கும் சேர்த்து. அவர் தூக்கினால்தான் என் குரல் வெளியே போகும். இறக்கிவிட்டால் நான் கத்தினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்காது.

தினமும் 6.40-க்கு 'எந்திரி மாமே' என்று ஒரு பகுதி. வீட்டில் யாராவது எழுந்திருக்க அடம் பிடிக்கிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரியே எங்களுக்கு வாட்ஸப்பில் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை நான் போன் போட்டு, ஏதாவது வேஷம் கட்டி, ஆளை அலற வைத்து எழுப்புவேன். நேரலை என்றுதான் சொல்வோம். உண்மையில் இருபது நிமிடம் முன்னாடியே பக்கத்து அறையில் நான் தனியாக உட்கார்ந்து பதிவு செய்துவிடுவேன். கெட்ட வார்த்தை வந்தால் வெட்ட வேண்டுமே.

பதினொரு வருடத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் எழுப்பியிருப்பேன். தூங்குகிறவன் எப்படி எழுவான் என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் போர்வை உரசும். பின்னால் ஃபேன் ஓடும். ஒரு பெருமூச்சு. தொண்டையைச் செருமுவான். அதற்கப்புறம்தான் "அலோ". எல்லோருக்கும் இதே வரிசைதான்.

அன்று மட்டும் அந்த வரிசை இல்லை.

அந்த வாரம் பேய் மழை. அம்பத்தூர், பூந்தமல்லி, மாங்காடு என்று எல்லாப் பக்கமும் முழங்கால் தண்ணீர். நான் ஆவடியிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்கே பைக்கைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. நாலு நாள் நனைந்ததில் தொண்டை கட்டிவிட்டது. வாயில் இரண்டு மிளகைப் போட்டுக் கடித்துக்கொண்டே மாடி ஏறினேன். நாலு மணி நேர நிகழ்ச்சி முன்னால் நிற்கிறது. தொண்டையை மிச்சம் பிடித்துச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் அன்று காலை எனக்கு இருந்த ஒரே கவலை.

இந்தத் தொண்டை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5.50-க்கு வாட்ஸப்பைத் திறந்தேன். முதல் நாள் இரவு 9.52-க்கு ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"அண்ணா, நான் மாங்காட்லேந்து பவித்ரா பேசறேன். எங்க ஊட்டுக்காரரு பேரு பச்சையப்பன். மூணு நாளா மழை, கரண்ட் வேற இல்ல, ஆளு வேலைக்கே போல. நாளைக்கு கண்டிப்பா போயாவணும். ஆறே காலுக்கு எழுப்பி வுடுங்கண்ணா. உங்கள மாரியே சிரிச்சு சிரிச்சு எங்க பாப்பாவ டெய்லி ஸ்கூலுக்கு எழுப்பறது அவருதான். ஆனா அவர எழுப்பத்தான் ஆள் இல்ல. என் போன்ல ரெண்டு பர்சன்ட் சார்ஜ்தான் கீது, அவரு நம்பர எழுதிக்கங்க..."

நம்பரைச் சொன்னார். பின்னால் ஒரு குழந்தை என் சிரிப்பைச் சிரித்துக் காட்டியது. ஒரு ஆணும் அதே மாதிரி சிரித்தார். அச்சு அசல் என் சிரிப்பு. எனக்கே ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. அதற்கும் பின்னால் 'டக டக டக' என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வாடகை ஜெனரேட்டர். மழைக் காலத்தில் பாதி வீட்டில் அந்தச் சத்தம்தான் கேட்கும் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

6.16. ஹெட்போனை மாட்டினேன். ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினேன். நம்பரைப் போட்டேன்.

நாலு ரிங்.

எடுத்தார்கள்.

போர்வை உரசவில்லை. ஃபேன் இல்லை. பெருமூச்சு இல்லை. "அலோ" இல்லை. மூச்சே இல்லை.

லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சார் வணக்கம்! படகு ஆபீஸ்லேந்து பேசறோம். உங்க தெரு முனைல படகு ரெடியா நிக்குது. நீங்க இன்னும் எந்திரிக்கவே இல்லியாமே?"

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு நொடி.

"எழுப்பு."

ஆண் குரல். தூக்கக் கலக்கம் துளியும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடங்கிய குரல்.

நான் சிரித்தேன். பழக்கம். "உங்களத்தான் சார் எழுப்பறேன். எந்திரிங்க."

"நான் எந்திரிச்சிட்டேன்... அவங்கள எழுப்பு."

"யார சார்?"

"பவித்ராவ. பாப்பாவ. நான் கூப்ட்டா கேக்க மாட்டுது."

இரண்டாவது தடவை சிரித்தேன். சிரிக்கும்போதே கண் மீட்டர் பக்கம் போனது. பதிவு செய்யும்போது திரையில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று என் குரலுக்கு, ஒன்று போனுக்கு. பேசினால் பச்சைக் கோடு ஏறி இறங்கும். என் கோடு குதித்தது. போன் கோடு...

அசையவே இல்லை.

குரல் என் காதில் கேட்கிறது. கோடு தரையில் கிடக்கிறது.

"அப்ப குடும்பத்துக்கே படகு டோக்கன் போட்றலாமா சார்?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்குப் பழக்கம். பதினொரு வருடமாக என் வாய் என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

"சிரி."

"சார்?"

"சத்தமா சிரி. பாப்பா கேக்கட்டும்."

இப்படிக் கேட்காத நேயர் கிடையாது. கல்யாண வீட்டில், டீக்கடையில், சிக்னலில், எல்லோரும் கேட்பார்கள். சிரித்தேன்.

"இன்னும் சத்தமா சிரி."

தொண்டை அறுத்தது. நாலு மணி நேரம் முன்னால் நிற்கிறது. பாதிச் சிரிப்புதான் சிரித்தேன்.

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. டப்... டப்...

"கதவு உள்ள தாப்பா போட்ருக்கு... ஆள அனுப்பு... சீக்ரம் அனுப்பு..."

கட்.

நான் வைக்கவில்லை.

என் கை இரண்டும் சில்லென்று இருந்தன. அந்த அறையில் ஏசி மூன்று நாளாக ஓடவில்லை.

ஹெட்போனோடு அபிஷேக்கிடம் ஓடினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பதிவைப் போட்டுக் காட்டினேன். குரல் தெளிவாகக் கேட்டது.

"இது வேணாம் அபி. எனக்கு சரியா படல. அந்த ஊட்ல யாருக்கோ ஏதோ ஆயிருக்கு."

"இன்னா நைனா, தங்கம் மாரி கீது! ஆளு உன்னியே கலாய்க்கிறான்பா. பேய் மாரி பேசி உன்ன பயமுறுத்திட்டான். இத்த வுட்டா இன்னிக்கு வேற இன்னா கீது உன்னான்ட?"

வேறு எதுவும் இல்லை. மணி 6.31.

6.40-க்கு ஒலிபரப்பானது. பவித்ரா, பாப்பா என்று பெயர் வந்த இடத்தை மட்டும் வெட்டினார்கள். அது முடிந்ததும் அபிஷேக், "நம்ம பராவுக்கே பயம் காட்டிட்டாருப்பா மாங்காட்டு மச்சான்!" என்றார். நான் சிரித்தேன்.

6.52. பாட்டு. என் போனிலிருந்து பச்சையப்பன் நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி மறுபடி, மொத்தம் ஆறு தடவை. எடுக்கவில்லை. பவித்ரா நம்பர் சுவிட்ச் ஆஃப்.

7.02. மாங்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் துலுக்கானம். ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் பழைய நேயர். அவருக்குப் போட்டேன்.

"அண்ணாத்தே, பரா பேசறேன். உங்க ஊர்ல பச்சையப்பன்னு ஒருத்தர் வீடு தெரியுமா? பொண்டாட்டி பேரு பவித்ரா. கொஞ்சம் போய் பாருங்க. அவசரம்."

"இன்னா மாமே, இன்னிக்கு நான்தான் பக்ராவா?"

"சத்தியமா இல்ல. அங்க யாரோ எந்திரிக்காம கெடக்கறாங்க."

"தோ பாரு. ஆட்டோல பாம்பு கீதுன்னு சொல்லி என்ன ரோட்ல ஓட வுட்டியே, மறந்துடுவனா? வெச்சிரு நைனா, வெச்சிரு!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். என் சிரிப்பையே சிரித்துக் காட்டிவிட்டு வைத்தார். அவர் மேல் கோபம் வரவில்லை. பாம்பு என்று சொன்னது நான்தானே.

7.06. அவசர உதவி எண்ணுக்கு அடித்தேன். தெரு பெயர் கேட்டார்கள். தெரியாது. கதவு எண்? தெரியாது. மாங்காடு, பச்சையப்பன், ஒரு போன் நம்பர். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. குறித்துக்கொண்டு, பார்க்கிறோம் என்றார்கள். மழையில் ஊரே அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மைக்.

7.18. பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அபிஷேக் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"மாங்காட்ல இருக்கறவங்க யாராச்சும் கேளுங்க. இது ஜோக் இல்ல. காலைல நான் போன் பண்ண பச்சையப்பன் வீடு..."

என் சிரிப்பு கேட்டது.

நான் சிரிக்கவில்லை.

அபிஷேக்கின் விரல் பட்டன் மேல் இருந்தது. கண்ணடித்தார். நான் புதுசாக ஏதோ நடிப்புப் போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அபி, வேணாம். கேளுங்க, அந்த வீட்ல கதவு உள்ள தாழ்ப்பா..."

மறுபடி என் சிரிப்பு. இழுத்து, நிறுத்தி, மேலே போனது.

"யாராவது போய் தட்டுங்க..."

சிரிப்பு.

"ஒரு பொம்பள, ஒரு கொழந்த..."

ஃபேடர் இறங்கியது. என் மைக்கின் விளக்கு அணைந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஹெட்போனில் என் குரல் இல்லை. என் சிரிப்பு மட்டும்தான் ஓடியது.

அரை நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்து விழ ஆரம்பித்தது. 'பரா இன்னிக்கு நடிப்பு செம.' 'சிரிச்சு வயிறு வலிக்குது தல.'

நீங்கள் கேட்பீர்கள். எழுந்து போயிருக்கலாமே என்று. போயிருக்கலாம். ஓர் ஆள் எழுந்து போனால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள். பதினொரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அந்த நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதை மட்டும்தான். போயிருந்தாலும் எந்தத் தெருவுக்குப் போவேன்? இப்படி எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ராத்திரி வரை தாங்குவதில்லை.

பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை சிரித்தேன் என்று தெரியாது.

10.05-க்குக் கிளம்பினேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்குப் பள்ளம் தோண்டிய இடமெல்லாம் தண்ணீர். மாங்காடு போய்ச் சேர 11.20. கோயில் பக்கத்துத் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று முழங்கால் தண்ணீரில் நடந்து, பார்த்தவர்களிடமெல்லாம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேர் என் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டு, கேமரா எங்கே என்று தேடினார்கள்.

12.40-க்கு என் போன் அடித்தது. புது நம்பர்.

"பரந்தாமனா? போலீஸ் ஸ்டேஷன்லேந்து பேசறோம். எஸ்.ஐ. அய்யாசாமி. உடனே வா தம்பி."

ஸ்டேஷனில் அவர் மேஜை மேல் ஒரு செல்போன் இருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள். பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பெயர் சாவித்திரி. பச்சையப்பன் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

எஸ்.ஐ. நிதானமாகச் சொன்னார். மழைக்கு நனையக் கூடாதென்று ஜெனரேட்டரை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற மூடிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகை முழுக்க அறைக்குள் போயிருக்கிறது. அந்தப் புகையில் தூங்குகிறவர்களுக்கு முழிப்பே வராதாம். எந்நேரமோ பெட்ரோல் தீர்ந்து அது தானாக நின்றிருக்கிறது.

"கதவ ஒடச்சது எட்டு இருவதுக்கு. இந்தம்மாதான் ஆள கூட்டினாங்க" என்றார்.

சாவித்திரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆறே முக்கா வாக்குல ரேடியோல அவரு கொரல் கேட்டுச்சு சார். பத்து வருசமா பக்கத்து ஊடு, எனக்கு தெரியாதா? சமையல முட்சிட்டு, எட்டு மணிக்கு மேல, இன்னா ரேடியோலல்லாம் பேசறீங்கன்னு கலாய்க்கலாம்னு போனேன். தட்டறேன், தட்டறேன், யாரும் தொறக்கல."

பச்சையப்பன் இறந்து கிடந்தார். பவித்ராவுக்கு மூச்சு இருந்தது. குழந்தைக்கும் இருந்தது.

"பவித்ரா ஆஸ்பத்திரில பதினொன்ற மணிக்கு போயிட்டாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி தூக்கினு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. பாப்பா பொழச்சிடும்."

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் முன்பு, 7.20. நான் செத்த மைக்கில் பேசிக்கொண்டிருந்த நேரம்.

எஸ்.ஐ. அந்த செல்போனைத் தட்டிக் காட்டினார். "இது அவரு போன். ஹால்ல டிவி மேல சார்ஜ்ல இருந்துச்சு. காலைல 6.16-க்கு உங்க ஆபீஸ்லேந்து கால். யாரோ எடுத்திருக்காங்க. ரெண்டு நிமிசம் நாப்பத்தோரு செகண்ட். அப்புறம் உன் நம்பர்லேந்து ஆறு மிஸ்டு கால்."

"ஆமா சார். அவர்தான் பேசினார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசக் கதவு உள்ள தாழ்ப்பா. ரூம் கதவும் உள்ள தாழ்ப்பா. போன் வெளிய ஹால்ல. அந்த ஆளு ரூமுக்குள்ள கட்டில்ல. செத்தது ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடின்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு."

செல்போனை என் பக்கம் தள்ளினார்.

"போன எடுத்தது யாருப்பா?"

பதிவைப் போட்டுக் காட்டினேன். 'எழுப்பு' என்ற முதல் சொல்லிலேயே சாவித்திரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எஸ்.ஐ. முழுக்கக் கேட்டார். ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போலாம் தம்பி என்றார்.

டிசம்பரோடு வேலையை விட்டேன். 'எந்திரி மாமே' நின்றுவிட்டது. பட்டனிலிருந்து என் சிரிப்பை அழித்துவிட்டதாக அபிஷேக் சொன்னார். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நான் இப்போது திருமுல்லைவாயலில் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறேன். அங்கே யாரும் என்னைச் சிரிக்கச் சொல்வதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2023 ஏப்ரல். அந்தக் குழந்தை நெமிலிச்சேரியில் அவள் சித்தி கமலம் வீட்டில் இருப்பதாக சாவித்திரி சொன்னார். பெயர் எழிலரசி. ஏழு வயது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி, நல்ல வெயில். ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நின்றேன். யார் என்று சொன்னதும் கமலம் என்னை உள்ளே விட யோசித்தார். குழந்தை அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"நீங்கதான் அந்த சிரிக்கற மாமாவா?"

தலையாட்டினேன்.

"சிரிங்க பாக்கலாம்."

வேலையை விட்டதிலிருந்து நான் சிரித்ததில்லை. எப்படியோ இழுத்து, நிறுத்தி, சிரித்தேன். பாதியில் உடைந்துவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

"ஆமா. மொதல்ல நீங்கதான்."

"மொதல்லன்னா... அப்புறம்?"

"அப்பா."

கமலம் சட்டென்று குழந்தையின் தோளைப் பிடித்தார். "அத வுடு பாப்பா."

அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு முழிப்பே வர்ல. அப்போ வெளிய நீங்க சிரிச்சீங்க. கதவுக்கு அந்தாண்ட. அப்பறம் நிறுத்திட்டீங்க. அப்பறம் அப்பா சிரிச்சாரு, உங்கள மாரியே. டெய்லி எழுப்புவாருல்ல, அத்த மாரி. கிட்ட வா, கிட்ட வான்னு கூப்ட்டாரு. நான் தவழ்ந்துகினே கதவாண்ட போயி படுத்துக்கினேன். கதவ ஒடைக்கற வரிக்கும் சிரிச்சிகினே இருந்தாரு. அதான் நான் தூங்கவே இல்ல."

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்ததாம். அதில் மூக்கை வைத்துப் படுத்திருந்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று டாக்டர் சொன்னாராம். எப்படி அங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். கமலம் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் பேசியது 6.16 முதல் 6.19 வரை. கதவை உடைத்தது 8.20.

"அப்பா வெளியவா இருந்தாரு பாப்பா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல. கட்டில்ல அம்மா பக்கத்துலதான் படுத்துகினு இருந்தாரு. நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். வாயே அசையல."

கிளம்பினேன். வாசல் வரை வந்துவிட்டேன். அவள் பின்னால் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, எனக்கு கேட்டுச்சுல்ல... அம்மாக்கு மட்டும் ஏன் கேக்கல?"

பிஸ்கட் பாக்கெட்டை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தேன்.

அந்தப் பதிவில் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது நொடியில் பச்சையப்பன் கேட்கிறார். இன்னும் சத்தமா சிரி என்று. நான் பாதிச் சிரிப்புதான் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் அது பாதிதான் இருக்கிறது.